தூங்கின மாமனுக்கு ஒரு இலை

கழுத்தை அளக்க ஆள் வந்திருக்கு என்று கேள்விப்பட்டதும் முதலியார்பேட்டையில் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மருத்துவக் கல்லூரியிலிருந்து தீபலட்சுமி என்று ஒரு டாக்டர் பெண்ணும், அவளுக்குத் துணையாக ஒரு நர்சும் வந்திருந்தார்கள். நர்சு கையில் தையல்காரன் வைத்திருப்பது போல ஒரு டேப்பு. தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிறார்களாம். தூக்கம் கெட்டவர்களுக்கு ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் இருதயக் கோளாறும் எப்படி வந்து சேருகிறது என்று வீடு வீடாகப் பார்க்கிறார்களாம்.

கழுத்தை அளந்துவிட்டு என்ன செய்வீர்கள், கயிறு வாங்கவா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். அவர் பெண்சாதி, இந்த மனுசன் விடுகிற குறட்டைக்குக் கயிறுதான் தோதுப்படும் என்றாள். தெரு சிரித்தது. ஆயம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மகன் மதிவாணனின் கழுத்தில் டேப்பைச் சுற்றிய நர்சு, அளவைப் பார்த்துவிட்டு டாக்டரைத் திரும்பிப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

ஆயம்மா அங்கன்வாடியில் சமையல் வேலை பார்த்து ஓய்வு வாங்கினவள். மில்லில் நெசவு ஓட்டின அம்மாவாசையின் பெண்சாதி. அம்மாவாசை போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. மகன் ஒருத்தன்தான். அவன் கரண்டு வேலைக்குப் போகிறான். அம்மாவாசையை உரித்து வைத்த முகம். உள்ளே இழுத்துக்கொண்ட தாடை, தோளில் குந்தின மாதிரி கழுத்து. அந்தத் தாடை கூடப்பாக்கத்துக் கிளையின் தாடை. அம்மாவாசையின் அம்மாவுக்கு இருந்தது, அவள் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வந்தது, பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கியது.

டாக்டர் பெண் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். பகலில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாரா? பேசிக்கொண்டே இருக்கும்போது கண் சொருகிப் போகிறதா? விடிந்து எழுந்தால் தலை வலிக்கிறது என்பாரா? குறட்டை நடுவிலே நின்று, கொஞ்ச நேரம் மூச்சே இல்லாமல் கிடந்து, அப்புறம் தொண்டையைப் பிடித்தவர் போலத் துள்ளுவாரா?

மகனைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு ஆயம்மா ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்ல அவள் கண்ணுக்கு எதிரே மகன் இல்லை. அவன் அப்பன்தான் உட்கார்ந்திருந்தான். கலியாணம் ஆகி வந்த நாளிலிருந்து, புருஷனுக்கு மூச்சு நின்றால் அது திரும்பி வருகிற வரைக்கும் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு கிடந்தவள் அவள். இப்படிக் குறட்டை விட்டால் நல்ல தூக்கம், உடம்புக்கு நல்லது என்று மாமியார் சொல்லியிருந்தாள். அவளும் நம்பியிருந்தாள்.

"இது சோம்பேறித்தனம் இல்லம்மா. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுக்குழாய அடைச்சிக்குது. அடைக்கிற ஒவ்வொரு தடவையும் மூளை தட்டி எழுப்புது. எழுப்புறது அவருக்கே தெரியாது. விடிய விடியப் படுத்தாலும் தூங்காத உடம்புதான் அது. அதனால பகல்ல எங்க உட்கார்ந்தாலும் சாயும். கவனிக்காம விட்டா கொதிப்பு ஏறும், பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோகலாம்" என்றாள் டாக்டர். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "பாக்கறவங்க குடிச்சிருக்காருன்னுகூட நெனச்சிக்குவாங்க" என்றாள்.

ஆயம்மா கையிலிருந்த டம்ளரைத் தரையில் வைத்தாள்.

அம்மாவாசைக்கு ஒரே தங்கை, வேம்பு. வேம்பைக் கட்டினவன் கன்னியப்பன். கன்னியப்பனின் பெரியப்பா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்து பென்சன் வாங்கினவர். அதனால் அவர்கள் வீட்டுக்குச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு என்று பேர். மில்லுக்காரன் வீட்டில் பெண் எடுத்ததையே அந்தப் பெரியப்பா பெரிய குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வேம்புக்கு முதல் பிள்ளை சிந்துஜா. அந்தப் பிள்ளைக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்தவேண்டும். அம்மாவாசை வெள்ளை வேட்டி கட்டி, வாங்கின சீரை எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு போய், மணையில் உட்கார்ந்தான். பிள்ளை வாழைப்பழம் தின்றுகொண்டு மடியில் அடங்கி இருந்தது. நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். மேளம் காதைப் பிளந்தது.

அந்த மேளத்தில் அம்மாவாசை தூங்கிப்போனான்.

பத்தர் கம்பியை வைத்து அழுத்தின நேரம், அவன் கை தளர்ந்து பிள்ளை வழுக்கிற்று. கம்பி காதைக் கிழித்துக்கொண்டு வந்தது. பிள்ளையின் பட்டுப்பாவாடை எல்லாம் ரத்தம். அம்மாவாசை திருதிருவென்று விழித்தான். கன்னியப்பன் ஓடிவந்தான். அத்தனை ஜனத்துக்கு முன்னால் மச்சானின் தாடையைப் பிடித்துத் திருப்பி, வாய்க்கிட்டே மூக்கை வைத்து மோந்து பார்த்தான். பார்த்துவிட்டு நிமிர்ந்து, பாக்கைப் போட்டு மறைத்திருக்கிறான், மூக்கு முட்டக் குடித்திருக்கிறான் என்றான்.

அம்மாவாசை சாராயத்தைக் கையால் தொட்டவன் இல்லை. ஆனால் மூலைக்கு மூலை கடை வைத்திருக்கிற ஊரில், மேளச் சத்தத்தில் ஒருத்தன் தூங்கினால் வேறு என்ன நினைப்பார்கள்? வெளியூர்க்காரன் குடிப்பதற்கென்றே வந்து இறங்குகிற ஊர். இங்கே மில்லுக்காரன் ஒருத்தன் குடிக்கமாட்டான் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தார்கள். வேம்பு தன் அண்ணனை அறிந்தவள். கூடப் பிறந்தவள். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் ஆயம்மாவின் நெஞ்சில் தழும்பாக நின்றது. பந்தி போட்டார்கள். அம்மாவாசை, தன்மேல் தப்பில்லை என்கிறவன் எழுந்து போகக்கூடாது என்று நினைத்தானோ, போக்கிடம் தெரியவில்லையோ, கடைசி இலையில் போய் உட்கார்ந்தான். ஆயம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோறு விழுந்து, சாம்பார் விழுந்து, அவன் பிசைய ஆரம்பித்தபோது கன்னியப்பன் வந்து குனிந்து இலையை மூடினான். தின்னாத சோற்றின்மேல் இலையை மடித்து மூடிவிட்டுப் போனான். அம்மாவாசை சாம்பார்க் கையோடு எழுந்தான்.

அந்தப் பேச்சு கோயிலோடு நிற்கவில்லை. மில் வரைக்கும் போயிற்று. தறியில் அசந்தால் முன்னே தோழர்கள் தோளைத் தட்டி எழுப்புவார்கள். இப்போது தட்டுவதற்கும் ஆள் இல்லை, குடிகாரனை எதற்குத் தட்டுவது? தறியிலிருந்து எடுத்துக் கழிவுப் பஞ்சு கூட்டப் போட்டார்கள். சொந்தத்தில் எந்த விசேஷத்துக்கும் அவனை மடி கேட்டு யாரும் வரவில்லை. பின்னால் ஒருநாள் வாய் கோணி, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, சில மாசம் படுக்கையில் கிடந்து போய்விட்டான். குடி கொண்டுபோய்விட்டது என்று எழவுக்கு வந்தவர்களே பேசினார்கள். கன்னியப்பன் மாலை கொண்டுவந்து போட்டான். ஆயம்மா அந்த மாலையை எடுத்து சாக்கடையில் எறிந்தாள்.

இத்தனையும் அவள் மனசில் ஓடி முடிவதற்குள் டாக்டர் பெண் அடுத்த கேள்விக்கு வந்திருந்தாள். இது குடும்பத்தில் ரத்தத்தோடு வரும், தாடை அமைப்பு அப்படி, அதனால் சொந்தக்காரர்களையும் பார்க்க வேண்டும் என்றாள். உங்கள் வீட்டுக்காரர் கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா?

"ஒரு தங்கச்சி இருந்தா. செத்துட்டா" என்றாள் ஆயம்மா.

பக்கத்தில் நின்ற மதிவாணன் அம்மாவைப் பார்த்தான். ஆயம்மா அவனைப் பார்க்கவில்லை. வேம்பு மூலக்குளத்தில் மாடி வீடு கட்டிக்கொண்டு குத்துக்கல்லாட்டம் இருந்தாள்.

மதிவாணனைக் கூட்டிக்கொண்டு போய், உடம்பெல்லாம் ஒயரை ஒட்டிப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்கிற மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். அது காற்றை ஊதித் தொண்டை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். முதலில் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்றுதான் முரண்டு பிடித்தான், யானை மாதிரி இருக்கிறது என்றான். பழகப் பழகப் பையன் மாறிவிட்டான். தலைவலி என்ற பேச்சு போயிற்று. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தாலும் கண் திறந்திருந்தது. பேப்பரைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தான். கொதிப்பு மாத்திரையைக்கூட டாக்டர் குறைத்துவிட்டார்.

மகன் தேறத் தேற ஆயம்மாவுக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் இன்னொன்று வளர்ந்தது. பேப்பர் படிக்கிற மகனைப் பார்க்கும்போதெல்லாம், இப்படி உட்கார்ந்திருக்க வேண்டிய இன்னொரு மனுசனை நினைத்தாள். அவனுடைய பேரைத் திருப்பி வாங்கவேண்டும். யார் வாய் கெடுத்ததோ அந்த வாயே சொல்லவேண்டும், அதே கோயிலில், அதே ஜனத்துக்கு முன்னால். மதிவாணன் சொன்னான், கன்னியப்பன் மாமா வீட்டுக்குப் போய் நடந்ததை விளக்கிச் சொல்லலாமே என்று. ஆயம்மா கேட்டாள், உங்கப்பன் இலையை மூடினபோது எவனாவது விளக்கம் கேட்டானா என்று. பையன் பேப்பரை எடுத்துக்கொண்டான்.

தை பிறந்து கொஞ்ச நாளில் சிந்துஜா வந்தாள். தாம்பாளத்தில் பூவும் பழமும் பத்திரிகையும். காதை மறைத்து முடியை விட்டிருந்தாள். கிழிந்த இடத்துக்கு மேலே, தப்பான இடத்தில் ஒரு தோடு. அவள் பிள்ளை இனியவனுக்குக் காது குத்துகிறார்களாம். நாள் வைக்கும்போதெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறதாம். குறி கேட்டதில், மாமன் குறை நிற்கிறது என்று வந்ததாம்.

"நீ வந்து நிக்கணும் அத்த. மாமா மேல எனக்கு ஒன்னும் கோவம் கெடையாது" என்றாள்.

ஆயம்மாவுக்கு வாய்வரைக்கும் வந்தது, உன் கோபத்தை யார் கேட்டார்கள் என்று. அடக்கிக்கொண்டு, யார் மடியில் குத்துகிறீர்கள் என்று கேட்டாள்.

"கோபிதான். வேற யாரு?"

கோபிநாத் சிந்துஜாவின் தம்பி. சேதராப்பட்டு பக்கம் கம்பெனியில் வேலை. சிந்துஜா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், தம்பி வண்டியிலிருந்து இரண்டு தடவை விழுந்துவிட்டான், கண் திருஷ்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்திருக்கிறோம் என்று. ஆயம்மா அந்தப் பையனைச் சாவு வீடுகளில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். கூடப்பாக்கத்துத் தாடை. தோளில் குந்தின கழுத்து. எந்த நாற்காலி கிடைத்தாலும் சாய்ந்துகொள்கிற உடம்பு.

வருகிறேன் என்றாள் ஆயம்மா. பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பிள்ளையின் காதுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. அதில் அவள் தெளிவாக இருந்தாள். ஒரு காது கிழிந்தது போதும். அவளுக்கு வேண்டியது அந்தத் தூக்கம் மட்டும்தான்.

விசேஷத்தன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள். கன்னியப்பன் தலை வெளுத்து, தொப்பை போட்டிருந்தான். வா தங்கச்சி என்றான். வரேண்ணே என்றாள். வேம்பு அண்ணி என்று கையைப் பிடிக்க வந்தாள். ஆயம்மா அந்தக் கையில் சீர்த்தட்டைக் கொடுத்துவிட்டு சமையல் கொட்டகைக்குப் போய்விட்டாள். காலைப் பலகாரத்துக்கு வெண்பொங்கல் வாளியை அவளே தூக்கினாள். வயசான காலத்தில் உனக்கேன் என்று சமையல்காரர் தடுத்தார். என் நாத்தனார் வீட்டு விசேஷம், நான் பரிமாறாமல் யார் பரிமாறுவது என்றாள்.

கோபிநாத் இலைக்கு முன்னால் வந்ததும் ஒரு கரண்டி வைத்தாள். அதன்மேல் இன்னொரு கரண்டி. நெய்யை ஊற்றினாள். பையன் போதும் அத்தை என்று இலைக்குக் குறுக்கே கையை வைத்தான்.

"தாய்மாமன் நீ. வயிறு வாடி ஒக்காரக் கூடாது. துன்னு" என்றாள்.

வடையும் இரண்டு வைத்தாள். நல்ல பையன், மிச்சம் வைக்காமல் தின்றான். முகத்தைப் பார்த்தால் இரக்கமாகத்தான் இருந்தது. இரக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு வாளியை அடுத்த இலைக்கு நகர்த்தினாள்.

மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, பிள்ளையை மடியில் வைத்தார்கள். கோபிநாத்துக்கு முதுகுக்குத் தூண். நல்ல நேரம் வருவதற்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆயம்மா பிள்ளையின் காலைத் தான் பிடித்துக்கொள்கிறேன் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தாலி அறுத்தவள் மணைக்கிட்டே உட்காரலாமா என்று சொல்தா வீட்டுப் பெண்கள் முணுமுணுத்தார்கள். அத்தை உட்காரட்டும் என்று சிந்துஜா சொல்லிவிட்டாள். மேளக்காரர்கள் ஆரம்பித்தார்கள். பிள்ளை வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டு அத்தைக் கிழவியின் வளையல் இல்லாத கையைப் பார்த்தது.

ஆயம்மா கோபிநாத்தின் கண் இமையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இமை எப்படி இறங்கும் என்று அவளுக்குப் பாடம். முதலில் ஒருதரம் இறங்கி, பிடிவாதமாக ஏறும். அப்புறம் பாதி ஏறும். அப்புறம் தாடை தளரும். பத்தர் கம்பியைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தபோது தாடை தளர்ந்தது. பிள்ளையைச் சுற்றியிருந்த கை மெல்ல அவிழ்ந்தது.

"பத்தரே, கம்பிய கீழ வையி" என்றாள். அதற்குள் பிள்ளை அவள் மடிக்கு வந்துவிட்டது.

பத்தர் கையை இழுத்துக்கொண்டதைப் பார்த்து மேளம் நின்றது. நின்ற இடத்தில் குறட்டை மட்டும் கேட்டது. தாய்மாமன் வாயைத் திறந்துகொண்டு தூணில் சாய்ந்து கிடந்தான். யாரோ சிரித்தார்கள். வேம்பு, டேய் கோபி என்று எட்டி எழுப்ப வந்தாள். ஆயம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

அப்போது குறட்டை நின்றது. மூச்சும் நின்றது. மார்பு எழும்பித் தவிக்கிறது, காற்று போகவில்லை. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். வேம்பு தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு ராத்திரியும் ஆயம்மா தனியாகக் கேட்டுக்கொண்டு கிடந்த அந்த மௌனத்தை இப்போது கோயில் ஜனம் முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்று இருந்தாள். பையன் கடைசியில் கொர்ரென்று துள்ளி, மூச்சை இழுத்து, கண்ணைத் திறக்காமலே மறுபடி சாய்ந்தான்.

"கன்னியப்பண்ணே, இப்படி வாங்க. உங்க புள்ள வாய மோந்து பாருங்க" என்றாள்.

கன்னியப்பன் நல்ல நாளில் என்ன பேச்சு இது என்றான்.

"அன்னிக்கும் நல்ல நாளுதான். மோந்து பாத்தீங்களே. வாங்க."

கன்னியப்பன் தன் பங்காளிகளைப் பார்த்தான். சொல்தா பெரியப்பா செத்துப்போயிருந்தார். அவர் மகன் அருள்முருகன் நின்றுகொண்டிருந்தான், நாக்கில் எப்போதும் ஒரு குத்தல் வைத்திருக்கிறவன். அவன் சொன்னான், "பாருண்ணா. பாக்கு போட்டு மறச்சிருக்கானான்னும் பாத்துக்க."

தன் பக்கத்து ஆளே சொன்ன பிறகு கன்னியப்பனுக்குப் போக்கு இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மகனின் வாய்க்கிட்டே முகத்தைக் கொண்டுபோனான். அப்பனின் மூச்சு மேலே பட்டதும் கோபிநாத் விழித்துக்கொண்டு, அப்பன் முகம் தன் முகத்துக்கு நேரே இருப்பதைப் பார்த்து மிரண்டான். மடியில் பிள்ளை இல்லை என்பதை அப்புறம்தான் பார்த்தான்.

"வாசன ஒன்னும் வரல. எம்புள்ள குடிக்கமாட்டான். எனக்குத் தெரியாதா?" என்றான் கன்னியப்பன்.

"எம்புருசன எனக்குத் தெரியாதா?" என்றாள் ஆயம்மா.

அதோடு டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னாள். தொண்டை அடைப்பதை, மூளை எழுப்புவதை, மதிவாணனின் மெஷினை, இது கூடப்பாக்கத்து ரத்தம் என்பதை. சொல்லும்போது குரல் உயரவே இல்லை. சீர்த்தட்டைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள். அம்மாவாசையைத் தோளில் தட்டி எழுப்பிய மில்லுக்காரர்கள் இரண்டு பேர் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

சிந்துஜா காதை மறைத்த முடியை ஒதுக்கினாள். கேட்டது அவள்தான்.

"அப்பா. அன்னிக்கு மாமா வாயில வாசன வந்துச்சா?"

மகள் கேட்டுக்கொண்டே நின்றாள். கன்னியப்பன் துண்டால் வாயைத் துடைத்தான்.

"அன்னிக்கும் வரல" என்றான். "பெரியப்பா பக்கத்துல நிக்கறாரு. புள்ள காதுல ரத்தம் கொட்டுது. நான் இன்னாத்த சொல்றது."

இவன் தப்பாக நினைத்துக்கொண்டுதான் சொல்லிவிட்டான் என்று இத்தனை காலமும் ஆயம்மா நினைத்திருந்தாள். தெரியாமல் செய்தவனை வெறுப்பதில் ஓர் ஓரமாவது தணிந்திருந்தது. அந்த ஓரமும் இப்போது பற்றிக்கொண்டது. தெரிந்தே சொல்லியிருக்கிறான். மோந்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்து, நிமிர்ந்து, சொல்லியிருக்கிறான். அவள் கேட்க வந்தது கிடைத்துவிட்டது. கிடைத்தது போதவில்லை.

நல்ல நேரம் போகிறது என்று பத்தர் மெல்ல நினைவுபடுத்தினார். வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடலாம் என்று ஒரு பேச்சு கிளம்பிற்று. கோபிநாத் எழுந்திருக்கப் போனான். அந்த முகத்தை ஆயம்மாவுக்குத் தெரியும். சாம்பார்க் கையோடு எழுந்தவனின் முகம்.

"ஒக்காருடா. நீ இன்னா தப்பு பண்ண? உன் மடியிலதான் குத்தணும். நான் புடிச்சிக்கறேன்" என்றாள். அவனிடம்தான் சொன்னாள், பார்வை கன்னியப்பன்மேல் இருந்தது.

மடியில் பிள்ளையை வைத்து, தன் கையை அவன் கையின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். இரண்டு காதும் குத்தியாயிற்று. பிள்ளை ஊரைக் கூட்டி அழுதது. பழைய கிழிசலைத் தடவிக்கொண்டு சிந்துஜாவும் அழுதாள்.

பந்தி போட்டார்கள். ஆயம்மா முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, இந்த இடத்தில் இன்னொரு இலை போடுங்கள் என்றாள். யாருக்கு என்று கேட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்கு."

மங்கலமான வீட்டில் செத்தவனுக்கு இலையா என்று சொல்தா வீட்டுக் கிழவி ஒருத்தி பதறிப்போனாள். பிள்ளைக்கு ஆகாது என்றாள். சிந்துஜா அம்மாவைப் பார்த்தாள், அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"அன்னிக்கு சோத்துல கைய வச்ச மனுசன எலைய மூடி எழுப்பனாங்க. அது புள்ளைக்கு ஆச்சா?" என்றாள் ஆயம்மா. "மூடுன கையி எது? அந்தக் கையே போடட்டும். இல்லன்னா சொல்லுங்க, நான் கை நனைக்காம போய்டறேன். மாமன் குறை நிக்கட்டும்."

குறி சொன்னதைக் கேட்டுப் பயந்துதானே அவளைக் கூப்பிட்டார்கள். அந்தப் பயத்தை அவள் பத்திரிகை வாங்கின அன்றைக்கே எடுத்து முடிந்து வைத்திருந்தாள்.

கன்னியப்பன் இலையைக் கொண்டுவந்து விரித்தான். தண்ணீர் தெளித்தான். ஆளில்லாத இடத்துக்கு முன்னால் குனிந்து பொரியல் வைத்தான், கூட்டு வைத்தான், அப்பளம் வைத்தான். வேறு யாரும் கரண்டியைத் தொட ஆயம்மா விடவில்லை. சோறு போட்டு சாம்பார் ஊற்றினான். மூச்சு வாங்கிற்று. நிமிரப் போனான்.

"ரசம் ஊத்தலியே அண்ணே. அவரு ரசத்துலதான் ரெண்டாஞ் சோறு துன்னுவாரு. குழி வச்சி ஊத்துங்க" என்றாள்.

குழி வைத்து ஊற்றினான். கன்னியப்பனின் நெற்றி வேர்வை இலையோரத்தில் சொட்டியது. ஆயம்மா பார்த்துக்கொண்டே தன் இலையில் நிதானமாகச் சாப்பிட்டாள். பாயசம் வந்தபோது, அவருக்கும் போடுங்கள் என்றாள். அவள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவன் அந்த இலைக்கு எதிரே வாளியோடு நின்றான். கடைசியில் தன் இலையை மூடினாள். பக்கத்து இலையைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்தாள். அதை யாரும் மூடவில்லை.

கை கழுவுகிற இடத்தில் வேம்பு காத்துக்கொண்டிருந்தாள். வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு அண்ணியின் கையில் ஊற்றினாள். அழுது அழுது முகம் வீங்கி, அந்தத் தாடை இன்னும் உள்ளே போயிருந்தது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை, பயந்துவிட்டேன் அண்ணி, என்னை மன்னிச்சிடு என்றாள். ஆயம்மா கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தாள். எம்புள்ளைக்கு மூச்சு நிக்குதே, அந்த டாக்டர் எங்கே இருக்கிறாள் என்று சொல்லு, காலில் விழுகிறேன் என்றாள் வேம்பு. அவளுக்கும் பகலில் கண் சொருகுகிறதாம், விடிந்தால் தலை வலிக்கிறதாம்.

மன்னித்தேன் என்று ஆயம்மா சொல்லவில்லை. அந்த வார்த்தை அவளிடம் இல்லை; அன்றைக்கும் இல்லை, அதற்கப்புறமும் வரவில்லை. மூலக்குளத்து மாடி வீட்டுப் படியை அவள் இன்றுவரை மிதிக்கவில்லை. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"திங்கக்கெழம மதிவாணன் வருவான், கோபியக் கூட்டிக்கினு போவான். நீயும் போ. உன் பேரு அங்க கெடையாது. நீ செத்துட்டன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீயே போயி, உசுரோடதான் இருக்கேன்னு சொல்லிக்க."